சேர்மன் வேட்டியில் பட்ட சேறு

“என் பேரு பிரபா. வயசு இருபத்தி மூணு. இப்ப நான் இருக்கறது சத்தீஸ்கர்ல, ஒரு ரிக் வண்டியோட கேபின்ல. ஊர் பேரு மட்டும் கேக்காத. சாப்பாடு கெடைக்குது. கை வலி கொறஞ்சிருக்கு. ஜோதி அக்கா, இத நீ மொதல்ல படி. அப்பறம் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு. நடுவுல அழுதுக்கிட்டு நிறுத்தாத.”

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் தட்டினால் எழுத்து மாறி மாறி விழுந்தது. அதனால் வாயால் சொன்னான், வண்டி டிரைவரின் போன் எழுதிக்கொண்டது. வண்டியைச் சுற்றி யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவான். சத்தம் கடந்துபோனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். அவன் சொன்னது இதுதான்.

ஆத்தூருக்குக் கிழக்கே, மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம் அவனுடையது. பிழைப்புக்காகத் திருச்செங்கோட்டுக்கு வந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் சேர்ந்தபோது, அவன் பேச்சைக் கேட்டு முதலில் சிரித்தவர் டிரில்லர் பச்சமுத்து. “அதென்றா ஆத்தூரா, ‘வரேன்’? வாரேன்னு சொல்லு. நீ சொல்றதக் கேட்டா பாதி வழியிலயே திரும்பிப் போறவனாட்ட இருக்குது” என்பார். அப்படிச் சொல்லும்போது பக்கத்துக் காட்டில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அவ்வளவு சத்தம்.

ரிக் வண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் வாயசைவதுதான் தெரியும், சொல் கேட்காது. துளை போடும் ராடை இறக்கு, ஏற்று, காற்றைத் திற, மூடு, எல்லாம் கைச்சாடைதான். இப்படியே இருபது வருடம் போனால் காது போய்விடும், குரல் மட்டும் வளர்ந்துவிடும். பச்சமுத்துவுக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் ரசம் கேட்டால் சமையற்கட்டில் கரண்டி கீழே விழும். அவர் வீடு ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில். மனைவி பழனியம்மாள் சொல்வார்: “எங்கூட்டுக்காரர் எங்கிட்ட ரகசியம் சொன்னா, ஆத்துக்கு அக்கட்டால இருக்கறவிய பதில் சொல்லுவாங்க.”

அந்தக் குரல்தான் அவர் உயிருக்கு உலை வைத்தது.

கோம்பைக்காடு என்கிற ஊருக்கு அவர்கள் வண்டியை வரச் சொன்னது சேர்மன். சேர்மன் என்றால் ராசப்பன் என்றுதான் அந்த ஒன்றியத்தில் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் ஓட்டு வாங்கி ஜெயித்தது அவர் மனைவி தெய்வநாயகி. பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. தெய்வநாயகியின் பெயர் அலுவலகப் பலகையில் இருந்தது, ராசப்பன் அலுவலக நாற்காலியில் இருந்தார். காரில் முன்சீட்டு அவருக்கு, பின்சீட்டு அந்த அம்மாவுக்கு. யாராவது மனுவோடு வந்து “அம்மா இல்லீங்களா?” என்று கேட்டால், “அம்மா எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்பார். அதற்குப் பிறகு யாரும் அம்மாவைக் கேட்பதில்லை.

கோம்பைக்காட்டுக் காலனியில் கோடை முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்தது. பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்தார்கள். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ராசப்பன் வந்து, ஒரே வாரத்தில் போர் போட்டுத் தருவதாக மைக்கில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் இடத்தையும் அவரே குறித்தார். காலனிக்காரர்கள் கேட்டது மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். அவர் ஆணி அடித்தது தன் தென்னந்தோப்பு வேலிக்குப் பக்கத்தில்.

“இங்க போட்டாத்தான் எல்லாருக்கும் பொதுவா இருக்கும்” என்றார்.

“ஆமாங்க, தென்னமரமும் பொதுசனந்தானுங்களே” என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவி சொன்னாள். யார் என்று அவர் திரும்பிப் பார்த்தபோது எல்லாக் கிழவிகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் வேலை தொடங்கியது. எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, தேங்காயைத் தெய்வநாயகி உடைப்பதாக ஏற்பாடு. போட்டோக்காரர் தயாராக நின்றார். அந்த அம்மா தேங்காயை ஓங்கியபோது ராசப்பன் அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தானே உடைத்தார். அந்த அம்மா வெறுங்கையைப் பட்டுச்சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்.

ராடு மேல் ராடாக இறங்கியது. முதலில் செம்மண், பிறகு சுக்கான்கல், பிறகு பாறை. பாறைக்குள் போனதும் குழியிலிருந்து வெள்ளைப் புகையாகத் தூள் பறக்கத் தொடங்கியது. தண்ணீர் இருந்தால் புகை அடங்கிச் சேறாக வரும். இங்கே அடங்கவேயில்லை. பந்தலில் தோரணம், மேளம், கட்சிக்கொடி, தட்டு நிறைய லட்டு. எல்லாவற்றின் மேலும் மாவு சலித்தது போலத் தூள் படிந்தது. ராசப்பனின் அக்காள் மகன் சரவணக்குமார் போனைக் குச்சியில் மாட்டி, கட்சிப் பக்கத்தில் நேரலை போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

ராசப்பன் ரிக் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். “தண்ணி எங்கடா?”

பச்சமுத்து காற்றை நிறுத்தச் சொல்லிச் சாடை காட்டிவிட்டு அவருக்கு வலது காதைக் கொடுத்தார். கேட்டதும் பதில் சொன்னார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு. மற்றவர்களுக்கு அது ஒலிபெருக்கி.

“எடந் தப்புங்க! இன்னும் பாதாளம் வரைக்கும் எறக்குனாலும் பொகைதானுங்க வரும்! அந்தப் பொம்பளைங்க காட்டுன எடத்துல போட்டுருக்கோணுங்க!”

பந்தலில் மேளம் நின்றது. காலனிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராசப்பன் சிரித்தார். சிரித்தபடியே பச்சமுத்துவின் தோளில் கை வைத்து அழுத்தினார். பிரபா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, “அண்ணே, மெதுவாப் பேசுங்கண்ணே” என்றான். பச்சமுத்து, “ஏன், மெதுவாத்தானே சொன்னேன்?” என்றார், அதையும் கத்தி.

சரவணக்குமார்தான் வழி சொன்னான். கொஞ்ச நேரத்தில் தோப்புப் பக்கமாக ஒரு டேங்கர் லாரி வந்தது. அதில் ராசப்பன் சிரிக்கிற படம் ஒட்டியிருந்தது. குழாயைக் குழிக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தார்கள். குழி நிறையும்வரை ஊற்றிவிட்டு, பிறகு ரிக் காற்றைத் திறந்தால் அந்தத் தண்ணீரே மேலே பீய்ச்சும், அதைப் படம் பிடித்தால் போதும், ஊற்று வந்துவிட்டது என்று உலகத்துக்குச் சொல்லிவிடலாம். கூட்டத்தை லட்டு வாங்கப் பந்தலுக்கு அனுப்பினார்கள். ஆனால் காலனிப் பெண்கள் நகரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

“கொடத்துல ஊத்தியிருந்தாக் குடிச்சிருப்போம். குழியில ஊத்தறாங்க பாரு” என்றாள் ஒருத்தி.

பச்சமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் வேலைக்காரர். “உங்க குழி, உங்க தண்ணி. என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஆனா ஆள் கிட்ட நிக்கக்கூடாதுங்க” என்றார். நிறைந்த குழியில் காற்றைத் திறந்தால் தண்ணீர் மட்டும் வராது. உள்ளே படிந்த கல்தூள் முழுக்கச் சேறாக, பீரங்கி சுட்டது போல எழும்பும். எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

நேரலை தொடங்கியது. ராசப்பன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு குழியை ஒட்டி வந்து நின்றார். “என்னோட அன்புச் சொந்தங்களே...” என்று போனைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

பச்சமுத்து ரிக் மேடையிலிருந்து கத்தினார்: “அக்கட்டால போங்க! தள்ளிப் போங்கோவ்!” காதில் விழாதோ என்று கையையும் வீசிக் காட்டினார். ரிக் வண்டியில் எல்லோரும் காட்டுகிற சாடைதான் அது. ஆனால் வாசலில் நுழைந்த நாயைத் துரத்துகிற சாடையும் அதுதான்.

ராசப்பனின் முகம் செத்துப்போயிற்று. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. “ஆர்றா இவன்? என்ற ஒன்றியத்துல நின்னுட்டு என்னையே போங்கறான்? நான் இங்கதான்டா நிப்பேன். தொறடா!” என்று கையை ஓங்கி இறக்கினார்.

பச்சமுத்துவுக்கு அதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கை இறங்கியது தெரிந்தது. ரிக் வண்டியில் கை அப்படி இறங்கினால் காற்றைத் திற என்று அர்த்தம். மறுபடி ஒரு முறை, “தள்ளிப் போங்க!” என்று கத்தினார். ராசப்பன் மறுபடி கையை இறக்கினார். பச்சமுத்து திறந்தார்.

பூமி செருமியது. அடுத்த நொடி சாம்பல் நிறச் சேறு தென்னை உயரத்துக்கு எழும்பி, அப்படியே கவிழ்ந்து ராசப்பன் தலையில் விழுந்தது. சட்டை, வேட்டி, மீசை, மோதிரம், எதுவும் மிச்சமில்லை. வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்ததால் வாய்க்குள்ளும் போயிற்று. குழி இரண்டு முறை விக்கியது. பிறகு பழையபடி வெள்ளைப் புகை.

ஒரு குழந்தைதான் முதலில் சிரித்தது. அதன் வாயைப் பொத்தப் போன தாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் காலிக் குடங்களைத் தட்டிக்கொண்டு பெண்கள் சிரித்தார்கள், மேளக்காரர்கள் சிரித்தார்கள், பந்தலில் லட்டோடு நின்றவர்கள் சிரித்தார்கள். எத்தனையோ போன்கள் உயர்ந்தன. ராசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தது தன் மனைவியை. தெய்வநாயகி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது சிரிப்பு அடங்குவதற்குள் நடந்தது.

ராடு கழற்றுகிற பெரிய ரிஞ்ச் கீழே கிடந்தது. ராசப்பன் அதை இரண்டு கையாலும் எடுத்தார். மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த பச்சமுத்துவின் முழங்காலில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் பிரபாவுக்குத் தெளிவாகக் கேட்டது. பச்சமுத்து விழுந்தார். “ஏனுங்க, சொன்னேனுங்களே, தள்ளிப் போங்கன்னு சொன்னேனுங்களே!” என்று அலறினார். அந்த அலறல் அவருடைய எப்போதுமான குரலில், எதிர்த்துப் பேசுகிறவன் குரல் போலவே இருந்தது. அடுத்த அடி தோளில். அதற்குள் கூட இருந்தவர்கள் ஐந்தாறு பேர் பாய்ந்துவிட்டார்கள். செருப்புக் காலால் முகத்தில், விலாவில், வயிற்றில். பிரபா ஓடிப்போய் மேலே கவிழ்ந்தான். அவன் முடியைப் பிடித்துத் தூக்கி ரிக் சக்கரத்தில் மோதினார்கள். நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அந்தச் சிவப்புக்குள்தான் மீதியைப் பார்த்தான்.

“போனை எறக்குங்கடா! எவன் எடுத்தாலும் கைய முறிச்சுப்போடுவேன்!” என்று சரவணக்குமார் கத்திக்கொண்டு ஓடினான். அவன் கையில் இருந்த குச்சியில் நேரலை எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை.

பச்சமுத்துவையும் பிரபாவையும் ரிஞ்சோடு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ராசப்பனுக்கு நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணை உண்டு. தீவன மூட்டை அடுக்குகிற கொட்டகை. பக்கத்துக் கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கேறிக்கொண்டிருந்தன. உச்சி வெயில் தகரத்தில் கொதித்தது.

“மன்னிப்புக் கேளு. கையெடுத்துக் கும்பிட்டுக் கேளு. வீடியோ எடுக்கோணும்” என்றார் ராசப்பன். அவர் உடம்பில் சேறு காய்ந்து, பேசும்போது முகத்தில் விரிசல் விட்டது.

பச்சமுத்துவுக்கு வலது காதிலும் அடி விழுந்திருந்தது. அதிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. எல்லோருடைய வாயும் அசைவதை மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க?” என்று கத்தினார்.

அடி விழுந்தது.

“மன்னிப்புக் கேளுடா!”

“ஏனுங்க? கேக்கலீங்க!”

“நக்கலாடா? எங்கிட்டயே நக்கலா?”

சரவணக்குமாரின் முழங்கால் பிரபாவின் முதுகில் இருந்தது. முகம் தீவனத் தூளில் புதைந்திருந்தது. அவன் தலையைத் திருப்பித் திருப்பிக் கத்தினான்: “அவருக்குக் காது கேக்காதுங்க! நெசமா கேக்காதுங்க! நான் சாடை காட்டறேங்க, விடுங்க, நான் சொன்னா கேட்டுக்குவாரு!”

ராசப்பன் நின்று அவனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்பது பிரபாவுக்குச் சத்தியமாகத் தெரியும். புரிந்த பிறகும் ரிஞ்சை மறுபடி எடுத்தார். “கேக்காதா? ஊரே சிரிச்சது எனக்குக் கேட்டுச்சே. இவனுக்கும் கேக்கட்டும்” என்றார்.

பச்சமுத்து ரிஞ்சைப் பார்த்தார். பிறகு பிரபாவைப் பார்த்தார். தரையில் கிடந்தபடியே வலது கையை மெல்லத் தூக்கி, விரல்களை மடக்கிக் காட்டினார். காற்றை மூடு என்கிற சாடை. ரிக் வண்டியில் ஏதாவது தப்பாகப் போகிறபோது காட்டுவது. பிரபாவால் அசைய முடியவில்லை. மூட அவன் கையில் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் நின்றது. கோழிகள் மட்டும் கேறிக்கொண்டே இருந்தன. “எந்திரிடா” என்று ஒருவன் காலால் தள்ளினான். உடம்பு தள்ளிய பக்கமெல்லாம் போயிற்று. ராசப்பன் ரிஞ்சைக் கீழே போட்டுவிட்டு, “குளிக்கத் தண்ணி வெக்கச் சொல்லுங்கடா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் எஸ்.ஐ. வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்தார். பிறகு பிரபாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, உடன்பிறந்தவன் போலத் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“தம்பி, ராடு நழுவி அவன் மேல விழுந்துது. நீ பக்கத்துல நின்னு பாத்த. சரியா?”

எஸ்.ஐ. தோளில் இருந்த கையை இறுக்கினார்.

“ஆத்தூர்ப் பக்கந்தானே நீ? அக்கா ஒண்ணு இருக்குதாமே, தையல் கடையில. இங்க பாரு. நீ அப்படிச் சொன்னா இது விபத்து. சொல்லலேன்னா இது கொலை. ரெண்டுலயும் நீதான் இருப்ப. விபத்துல சாட்சியா இருக்கறியா, கொலையில குத்தவாளியா இருக்கறியா, நீயே பாத்துக்க.”

பிரபா சரி என்று தலையை ஆட்டினான். அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரவு முழுக்க அந்தக் கொட்டகையிலேயே பூட்டி வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு ஜேடர்பாளையத்துக்குப் போயிற்று. ராசப்பன் மாலையோடு போனார். கூடவே போட்டோக்காரர், கொடி கட்டிய கார்கள், ஒரு போலீஸ் வேன், ராசப்பன் படம் ஒட்டிய அதே டேங்கர். இழவு வீட்டுக்குத் தண்ணீர் உதவி என்றார்கள். பிரபாவையும் இரண்டாவது காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். ராடு விழுந்த கதையைப் பச்சமுத்துவின் பெண்டாட்டியிடம் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். “கண்ணுல தண்ணியோட சொல்லு, நல்லா இருக்கும்” என்று சரவணக்குமார் சொல்லிக்கொடுத்தான்.

உடம்பு வெள்ளைத் துணியில் தலை முதல் கால்வரை சுற்றிக் கட்டப்பட்டு வாசலில் கிடந்தது. பழனியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். ராசப்பன் மாலையை வைத்துவிட்டு, கைகூப்பி, “உன்ற புள்ளைக்கு அங்கன்வாடியில வேலை போட்டுத் தாரேன், வெசனப்படாத” என்றார். பிறகு பக்கத்தில் நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்து, “ஆஸ்பத்திரியில அறுத்த ஒடம்பு. அவுக்க வேண்டாம். இப்படியே கொண்டு போயிருங்க” என்றார்.

பழனியம்மாள் நிமிர்ந்தார். “தண்ணி வாக்காம எப்படிங்க அனுப்பறது? ஊர் ஊராத் தண்ணி எடுத்துக் குடுத்த மனுசன்.”

“டேங்கர் நிக்குதல்ல. மேலாப்ல தெளிச்சு உடுங்க.”

“அந்தத் தண்ணி வேண்டாமுங்க. ஆத்துத் தண்ணி வந்துட்டிருக்குது.”

அந்த ஊர்ப் பெண்கள் காவிரியிலிருந்து நிறைகுடத்தோடு வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ராசப்பனின் கண் அந்தக் குடங்களையும் கட்டியிருந்த துணியையும் மாறி மாறிப் பார்த்தது. துணியை அவிழ்த்தால் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியும். சரவணக்குமாருக்குச் சாடை காட்டினார். அவன் பிரபாவைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

“இந்தப் பையன் கூடவே இருந்தவன். என்ன நடந்ததுன்னு இவனே சொல்லுவான்.”

பிரபா நின்றான். எதிரே போன். பின்னால் எஸ்.ஐ. “அக்கா... ராடு...” என்றான். குரல் உதட்டைத் தாண்டவில்லை.

பழனியம்மாள் அவன் நெற்றியில் கிழிந்திருந்த காயத்தைப் பார்த்தார். வீங்கிய கண்ணைப் பார்த்தார். ராடு விழுந்தது பச்சமுத்துவின் மேல் என்றால் இவன் முகத்தில் விழுந்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. வேறு ஒன்று சொன்னார்.

“கத்திச் சொல்லு சாமி. எங்கூட்ல ஆரும் மெதுவாப் பேசிப் பழக்கமில்ல. அவருக்குக் கேக்கோணும்.”

பிரபா வயிற்றிலிருந்து கத்தினான். கம்ப்ரசர் ஓடும்போது கத்துகிற கத்தல். “ராடு விழல! இவருதான் ரிஞ்சால அடிச்சாரு! கோழிப்பண்ணையில வெச்சு அடிச்சே கொன்னாங்க! காது கேக்காதுன்னு நான் சொன்னேன், தெரிஞ்சும் அடிச்சாரு! அவுத்துப் பாருங்கக்கா! அவுத்துப் பாருங்க!”

ஆற்றின் மறுகரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

ராசப்பனின் காரில் பின்சீட்டில் தெய்வநாயகி உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பாதி இறங்கியது. அந்த அம்மாவின் இடது கன்னம் வீங்கிக் கறுத்திருந்ததைப் பிரபா பார்த்தான். அவரும் அவனைப் பார்த்தார். பிறகு கண்ணாடி மேலே ஏறிக்கொண்டது.

பழனியம்மாள் துணியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். தலை வெளியே வந்தது. முழங்கால் வெளியே வந்தது. விலாவில் செருப்பின் தடம் அச்சாகக் கிடந்தது. தலைமயிரிலும் காதுக்குள்ளும் சாம்பல் நிறச் சேறு அப்படியே காய்ந்திருந்தது. பிறகு முதல் குடம் பறந்தது. தண்ணீரோடு பறந்து ராசப்பனின் நெஞ்சில் மோதியது.

எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. பெண்கள் குடத்தால் அடித்தார்கள். இழவுக்கு வந்திருந்த ஒறம்பரை ஆண்கள் பாடை கட்ட வைத்திருந்த மூங்கிலை உருவினார்கள். ராசப்பன், தான் மாலை போட்ட உடம்பைத் தாண்டிக் குதித்து ஓடினார். ஓடுகிற வழியில் தடுக்க வந்த பழனியம்மாளின் வயிற்றில் உதைத்தார். மூங்கில் ஒன்று ராசப்பன் மண்டையில் இறங்கியது. ரத்தம் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. போலீஸ் தடியைச் சுழற்றியது, ஆனால் அவர் பக்கமாக அல்ல. குடம் வைத்திருந்த கைகளைப் பார்த்துச் சுழற்றியது. சரவணக்குமார் கார் ஜாக்கியோடு பிரபாவைத் துரத்தினான். தலைக்கு வந்த அடியைப் பிரபா கையால் தடுத்தான். கை இரண்டாக மடங்கியது. மறுபடி ஓங்கியவன் முகத்தில் ஒரு கிழவி நிறைகுடத்தைக் கவிழ்த்தாள்.

“ஓடு சாமி! இங்க நின்னா உன்னையுந் துணியில சுத்திப்போடுவாங்க! ஓடு!” பழனியம்மாள் தரையில் கிடந்தபடி, தன் புருஷன் குரலில் கத்தினார்.

பிரபா கரும்புக் காட்டுக்குள் ஓடினான். தோகை முகத்தைக் கிழித்தது. மறுபக்கம் ரோட்டில் தெரிந்தவர்களின் ரிக் வண்டி ஒன்று வடக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. பச்சமுத்துவின் சாவு அதற்குள் எல்லா ரிக் வண்டிக்கும் தெரிந்திருந்தது. மேல்படுக்கையில் ஏற்றி, தார்ப்பாயால் மூடி, மாநிலம் தாண்டினார்.

பாடை கிளம்பும் முன் பச்சமுத்துவுக்குத் தண்ணீர் வார்த்தார்களா, காய்ந்த சேற்றோடே எரித்தார்களா என்று பிரபாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தது வேறு. டிரைவரின் போனில் செய்தி வந்தது. குடிபோதைத் தகராறில் உடன் வேலை செய்தவனே டிரில்லரை அடித்துக் கொன்றுவிட்டான், தப்பி ஓடிய ஆத்தூர் வாலிபரைப் போலீஸ் தேடுகிறது. பக்கத்திலேயே பிரபாவின் படம். அதற்குக் கீழே தலையில் கட்டோடு ராசப்பன், ஆறுதல் சொல்லப் போன இடத்தில் தாக்கப்பட்டாராம். பழனியம்மாளும் குடம் சுமந்த பெண்களும் ஜெயிலில். கோம்பைக்காட்டில் வீடு வீடாகப் போய்ப் போனை வாங்கி, அன்றைய படங்களை எல்லாம் அழிக்கவைத்தார்களாம், கட்சிப் பக்கத்தில் இருந்த நேரலையையும் எடுத்துவிட்டார்களாம். பொய்த்துப்போன குழிக்கு மேல் தெய்வநாயகியின் பெயர் போட்ட கல்வெட்டு நிற்கிறதாம்.

இதைச் சொல்லி முடித்தபோது வெளியே வண்டியைக் கிளப்பச் சொல்லி யாரோ தகரத்தைத் தட்டினார்கள். பிரபா குரலைத் தாழ்த்தவில்லை.

“அக்கா, படிச்சதும் இத எல்லாருக்கும் அனுப்பு. பயப்படாத. நீ அனுப்பலேன்னாலும் அவங்க நம்ம ஊட்டுக்கு வரத்தான் போறாங்க. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் கோம்பைக்காட்டுல நெறைய பேரு போன் தூக்கிப் புடிச்சீங்க. நான் பாத்தேன். அத்தனையும் அழிஞ்சிருக்காது. யாராவது ஒருத்தர், சேறு விழுந்தத சிரிக்கறதுக்காவது, வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கு அனுப்பியிருப்பீங்க. அதுல சேறு விழுந்ததுக்கு அப்பறம் மொதல் அடி யாரு அடிச்சதுன்னு இருக்கும். அத எங்க ஜோதி அக்காவுக்கு அனுப்பிடுங்க.”